மெஸ் கட் நோட்டில் எழுதிய விரதங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ஷீபா போன் செய்தாள். நான் இருபத்தெட்டு வருஷம் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்ற பெண்கள் ஹாஸ்டலில் இப்போது அவள்தான் மேட்ரன். தமிழ் எல்லையோரத்துப் பாறசாலைக்காரி. அதனால் என்னிடம் பேசும்போது தமிழையும் மலையாளத்தையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்டித் தருவாள்.

"மேட்ரனம்மா, மெஸ் கட்டுக்கு ஆப் வந்தாச்சு. நாளை கழிஞ்சா நோட்டு வேண்டா. பிள்ளைங்க போன்லயே காரணம் செலக்ட் பண்ணா மதி, அது போதும். அந்தக் காரணமெல்லாம் நான் லிஸ்ட் எழுதிக் குடுக்கணுமாம். வீட்டுக்குப் போறது, ஆஸ்பத்திரி, பரீட்சை, விரதம். வேற வல்லதும் உண்டோ?"

"விரதத்த லிஸ்ட்லேருந்து எடு," என்றேன்.

"ஐயோ, அது எங்ஙனெ எடுக்கும்? அது நீங்க கொண்டு வந்த ரூல் அல்லே?"

ஆமாம், நான் கொண்டு வந்ததுதான். அதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்கு ஷீபாவிடம் போனில் கத்தியதையே இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதப் பார்க்கிறேன். நிதானம் எவ்வளவு தூரம் நிற்கும் என்று தெரியவில்லை.

மெஸ் கட் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஹாஸ்டலில் மாசச் சாப்பாட்டுச் செலவை மொத்தமாகக் கூட்டி, சாப்பிட்டவர்கள் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துவிடுவார்கள். சாப்பிடாத நாளுக்கு முந்தின நாளே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்த நாள் உங்கள் தலையில் விழாது. அதுதான் கட். எத்தனை கட் என்று எண்ணிப் பார்த்துத்தான் மறுநாள் உலைக்கு அரிசி எடுப்போம். ஆனால் ஒருநாள், இரண்டு நாள் கட்டெல்லாம் கிடையாது. தொடர்ந்து மூன்று நாளாவது இருக்க வேண்டும். ஆளாளுக்கு நினைத்த நேரத்தில் கட் எழுதினால் சமையல்காரி என்ன செய்வாள்?

நான் பிறந்து வளர்ந்தது இந்த மலையாள ஊரிலேயேதான், சாலைக் கடைவீதிக்குப் பின்னால். அப்பா அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து தம்பானூரில் ஒரு ஹோட்டலில் சமையல் செய்தவர். அதனால் அரிசி, பருப்பு அளவு எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. ஹாஸ்டல் ஸ்டோர் வேலைக்குச் சேர்ந்து, நாலு வருஷத்தில் மேட்ரன் ஆனேன். பயிற்சி என்றால், எனக்கு முன்னால் இருந்த மேட்ரன் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்து, "யாரையும் நம்பாதே" என்று சொன்னது மட்டும்தான். அதையும் தப்பான இடத்தில்தான் கடைப்பிடித்தேன்.

எனக்கு ஷஷ்டி விரதம் உண்டு. சின்ன வயசிலிருந்தே. பிள்ளைகளில் சிலர் திங்கள் விரதம், ஏகாதசி என்று இருப்பார்கள். பாவம், சாப்பிடாமலே இருந்துவிட்டு அந்த நாளுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. வார்டனிடம் போய் நின்றேன்.

வார்டன் சாவித்ரி டீச்சரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வேதியியல் பேராசிரியை. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, சட்டைப்பை இல்லாததால் இடுப்பில் செருகிய சிவப்புப் பேனா. எந்தக் காகிதத்தையும் கீழிருந்து மேலாகத்தான் படிப்பார். முதலில் ஒப்பு, அதாவது கையெழுத்து. பிறகு தேதி. பிறகு காரணம். காரணக் கட்டம் காலியாக இருந்தால் ஒரே ஒரு விரலால் காகிதத்தை நம் பக்கம் தள்ளிவிடுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். மாட்டேன் என்றும் சொல்ல மாட்டார், சரி என்றும் சொல்ல மாட்டார். "நோக்காம்" என்பார். பார்க்கலாம் என்று அர்த்தம். நான் பார்த்தவரை பெரும்பாலும் பார்க்காமலே போவதற்குத்தான் அந்தச் சொல் பயன்பட்டது.

விரத விஷயத்திலும் எட்டு மாசம் "நோக்காம்" ஓடியது. நான் விடவில்லை. கடைசியில் ஒருநாள் சிவப்புப் பேனாவை எடுத்து, விரதம் என்று காரணம் எழுதினால் மட்டும் ஒருநாள் கட் உண்டு என்று விதியில் சேர்த்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைகளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று, மெஸ் கட் நோட்டுக்கு மேலேயே சுவரில் ஆணி அடித்து, ஷஷ்டி, ஏகாதசி, பிரதோஷம் எல்லாம் போட்ட தினசரி காலண்டர் ஒன்றையும் தொங்கவிட்டேன். அந்த ஆணியை அடித்த கையை இப்போது என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

இனி கொரோனாவுக்கு வருகிறேன்.

முதலில் ஹாஸ்டலை மூடினார்கள். இருநூறு பிள்ளைகளும் போனார்கள். சில மாசம் கழித்து, வீட்டில் நெட்வொர்க் கிடைக்காத பிள்ளைகள் மட்டும் பஞ்சாயத்துக் கடிதத்துடன் திரும்பி வரலாம் என்றார்கள். ஆன்லைன் வகுப்பு நடக்கிறதே. பதினோரு பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி செல்வராணி. போனக்காடு எஸ்டேட்டிலிருந்து வந்த தமிழ்ப்பெண். இரண்டாம் வருஷம் பி.எஸ்சி. அம்மா தேயிலை பறிக்கிறவள். அப்பா கல்லாற்றில் சுற்றுலாக்காரர்களுக்குப் பழமும் சோளமும் விற்கிற ஒரு கடையில் வேலை பார்த்தவர். சுற்றுலா நின்றதும் கடையும் இல்லை, வேலையும் இல்லை.

இருநூறு பேர் தலையில் பிரிந்த செலவு இப்போது பதினோரு பேர் தலையில். கேஸ் அதே கேஸ், சமையல்காரி ஓமனா அதே ஓமனா. இதை யாராவது யோசித்தார்களா? யோசிக்க வேண்டியவர்கள் எல்லாரும் மீட்டிங்கில் இருந்தார்கள். பிள்ளைகளின் மனநலம் பற்றி வாரம் ஒரு மீட்டிங். அதிலிருந்து ஒரு படிவம் பிறந்தது. ஐந்து முகம் வரைந்திருக்கும். சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகம் வரைக்கும். இந்த வாரம் உங்கள் முகம் எது என்று பிள்ளைகள் தொட வேண்டும். பதினோரு பேரும் வாராவாரம் சிரிக்கிற முகத்தைத் தொட்டார்கள். யார் எதைத் தொட்டார்கள் என்று வார்டனுக்குப் போகும் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளை அழுகிற முகத்தைத் தொடும்?

அதோடு விட்டார்களா? ஒரு நிபுணரை வரவழைத்து ஆன்லைனில் வகுப்பு. மத்தியானம் சரியாகச் சோற்று நேரத்தில். அவர் நல்ல மனுஷி, குறை சொல்ல மாட்டேன். ஊறவைத்த பாதாம் சாப்பிடுங்கள், தினமும் மூன்று நல்ல விஷயங்களை டைரியில் எழுதுங்கள் என்றார். நான் டீச்சர் நாற்காலிக்குப் பின்னால் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். செல்வராணி கேமராவை அணைத்துவிட்டு இருந்தாள்.

அவளுடைய முதல் விரதம் ஒரு திங்கட்கிழமை. நோட்டில் குண்டு குண்டான கையெழுத்தில் "திங்கள் விரதம்" என்று எழுதியிருந்தாள். எனக்குச் சந்தோஷம். அடுத்த வாரம் திங்களும் பிரதோஷமும். அதற்கடுத்து ஏகாதசி, ஷஷ்டி. ஷஷ்டியைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. எஸ்டேட்டில் வளர்ந்தாலும் என்ன ஒழுக்கம் என்று ஓமனாவிடம் சொன்னேன். மற்ற பத்துப் பிள்ளைகளிடமும் சொன்னேன். "அவளைப் பாருங்க, உங்களுக்கு எழுந்து பல் தேய்க்கவே மத்தியானம் ஆகுது" என்று திட்டவும் செய்தேன்.

ஓமனாதான் முதலில் கேட்டாள். "அந்தக் குட்டி பின்வாசல்ல வந்து கஞ்சிவெள்ளம் கேக்குது மேட்ரனே. உப்புப் போட்டு ரெண்டு கிளாஸ் குடிக்குது. இதெந்து விரதம்?"

சோறு வடித்த கஞ்சித் தண்ணீர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரிக்கல் இருக்கா போலிருக்கு" என்றேன். ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும் அரிசி சேர்ப்பதை இந்தப் பக்கம் ஒரிக்கல் என்பார்கள். அந்த ஒருவேளை எங்கே என்று ஓமனா கேட்டிருக்கலாம். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் போய்விட்டாள்.

பிறகு அந்தப் பெண் அறையை விட்டு இறங்குவது குறைந்தது. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் மட்டும் குரல் வருமாம். மற்ற நேரம் படுக்கைதான். இரண்டு பரீட்சை எழுதவில்லை. பக்கத்து அறைப் பிள்ளைகள், "அவள் யாரிடமும் பேசுவதில்லை" என்றார்கள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. திங்கள் விரதம், பேச்சில்லை, தூக்கம், பரீட்சையில் ஆள் இல்லை. காதல்! நல்ல புருஷன் வேண்டும் என்றுதானே திங்கள் விரதம் இருப்பார்கள்? எவனோ ஏமாற்றிவிட்டான் என்று முடிவு கட்டினேன். கொரோனா விதிப்படி அறைக்குள் போகக்கூடாது, வாசலில் ஆறடி தள்ளி நிற்க வேண்டும். நான் ஆறடி தள்ளி நின்று, முகக்கவசத்துக்குள்ளிருந்து, "யாரு அந்தப் பையன்?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "யாரும் இல்ல மேட்ரனம்மா," என்றாள். அந்தப் பார்வையில் இருந்தது வெட்கம் என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தேன். எனக்கு அப்போது ஐம்பத்தைந்து வயசு. அத்தனை வருஷமாகப் பெண்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பவள் என்று பெயர்.

மூன்றாம் நாள் காலை ஆபீஸ் போன் அடித்தது. எடுத்தேன்.

"ஸ்தோத்திரம்மா," என்றது ஒரு குரல். "நான் செல்வராணி அம்மா பேசுதேன். விதுரைக்கு இறங்கி வந்து பேசுதேன், எங்களுக்கு அங்கன டவர் கிடையாதுல்லா. மூணு தடவ இறங்கி வந்து கூப்பிட்டும் பிள்ள போன எடுக்க மாட்டேங்கா. சொகமா இருக்காளாம்மா?"

எனக்கு முதல் வார்த்தையிலேயே மண்டையில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. ஸ்தோத்திரம். வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், சொல்கிற வணக்கம்.

"நீங்க சர்ச்சுக்குப் போறவங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா, எங்க மாமியார் காலத்துலேருந்தே. எதுக்குக் கேக்கிய?"

எதற்குக் கேட்கிறேன்! ஷஷ்டியும் பிரதோஷமும் ஏகாதசியும் நோட்டு நிறைய எழுதியவள் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போகிற வீட்டுப்பிள்ளை. எங்கிருந்து கற்றாள் என்று பார்க்க நான் திரும்பவே வேண்டியதில்லை. நோட்டுக்கு மேலே காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்து எழுத நானே விடைத்தாளைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன். பெயர் செல்வராணி, பேச்சு தமிழ், அவ்வளவுதான் பார்த்தேன். நம்ம பிள்ளை என்று நினைத்தேன். ஒரு வார்த்தை கேட்டேனா?

அந்த அம்மா பேசிக்கொண்டே இருந்தாள். "அங்க முட்டையும் பழமும் எல்லாம் குடுக்காவன்னு சொன்னா. அதைக் கேட்டுத்தாம்மா எங்களுக்கு ஒரு சமாதானம். இங்க இவுக வேலையில்லாம இருக்காக. அவ ஒருத்தியாவது வயிறாரச் சாப்பிடுதாளேன்னு."

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. மாடிப்படி ஏறியது நினைவிருக்கிறது. ஆறடியாவது, ஒன்றாவது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். உதடு வெள்ளையாக இருந்தது. தலையணை முழுக்க உதிர்ந்த முடி. கட்டிலில் உட்கார்ந்து, "அம்மா போன் பண்ணினாங்க" என்றேன். போர்வையை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு, சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கட் எழுதினா வீட்டுக்குப் பாரம் குறையும்லா மேட்ரனம்மா. மூணு நாள் எழுதினா சரியான காரணம் கேப்பீங்க. விரதம்னு எழுதினா நீங்க ஒண்ணும் கேக்க மாட்டீங்க. சந்தோஷப்படுவீங்க."

"கேட்டிருக்கணும் பிள்ளே."

"புஸ்தகத்தத் தொறந்தா எழுத்தெல்லாம் ஓடுது. ஒண்ணும் மண்டையில ஏற மாட்டேங்கு. அம்மா என்னை நம்பிட்டு இருக்கு. நான் இல்லன்னா அவங்களுக்கு இந்தக் கஷ்டமே இருக்காதுன்னு தோணிக்கிட்டே இருக்கு."

நான் அவளை விட்டு எழுந்திருக்கவில்லை. மாடியிலிருந்தே ஓமனாவைக் கத்திக் கூப்பிட்டேன். அவள் கஞ்சியும் பயறும் கொண்டு வந்தாள். அந்தப் பெண் நாலு கரண்டி குடித்துவிட்டு அழுதாள். நானும் அழுதேன். முகக்கவசம் நனைந்து மூக்கில் ஒட்டிக்கொண்டதால் கழற்றி எறிந்தேன். ஓமனா மட்டும் அழவில்லை. "நான் அன்னைக்கே சொன்னேனல்லோ" என்றாள். சொல்லட்டும், அவளுக்கு உரிமை உண்டு.

ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள், பிறகு மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். அந்த டாக்டர் முகமெல்லாம் வரைந்து காட்டவில்லை. முதல் கேள்வியே, "நேற்று என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய்?" என்பதுதான். மாத்திரை எழுதினார், வாராவாரம் வரச் சொன்னார், தனியாக விடக்கூடாது என்றார். மூன்று வாரம் என் அறையில்தான் படுத்தாள். இரண்டாவது வாரம் ரசத்தில் உப்பு அதிகம் என்றாள். பிழைத்துக்கொள்வாள் என்று அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் சாப்பாட்டுச் செலவைப் பதினோரு பேர் தலையில் போடுவது அப்படியே இருந்ததே. மெஸ் கட் நோட்டைத் தூக்கிக்கொண்டு சாவித்ரி டீச்சரிடம் போனேன். மேஜையில் போட்டேன். வைக்கவில்லை, போட்டேன்.

"எல்லாத்தையும் படிங்க டீச்சர்."

வழக்கம்போலக் கீழிருந்து மேலாகப் படித்தார். ஒப்பு, தேதி, காரணம். ஒவ்வொரு விரதத்திலும் சிவப்புப் பேனா ஒரு நிமிஷம் நின்றது. கடைசிப் பக்கம் முடிந்ததும் பேனாவை மூடினார்.

"எல்லாத்திலும் நம்முடெ ரெண்டு பேருடெயும் ஒப்பு உண்டு, அல்லே?" என்றார். நம் இருவர் கையெழுத்தும் இருக்கிறது என்கிறார். இருந்தது. ஒரு விரதம்கூடத் தப்பவில்லை.

அன்றைக்கு "நோக்காம்" வரவில்லை. ஹாஸ்டலில் தங்கும் பதினோரு பேருக்கும் சாப்பாட்டைக் கல்லூரியே ஏற்க வேண்டும் என்று அங்கேயே உட்கார்ந்து எழுதினார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில் கரைந்துபோனது. முழுதாகக் கரைய விட்டாரா? காரணக் கட்டம் வந்ததும் பேனா நின்றது.

"எந்தா எழுதுக?"

"பசின்னு எழுதுங்க டீச்சர்."

என்னைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். நம் கல்லூரி ஹாஸ்டலில், நம் கையெழுத்தில், அந்தச் சொல்லா என்று அவர் முகம் கேட்டது. "ஆரோக்கிய காரணம்" என்று எழுதி ஒப்புப் போட்டார். அப்படித்தான் எங்கள் ஹாஸ்டலில் கொரோனாக் காலத்தில் யாரும் பட்டினி கிடக்கவில்லை என்று ஆவணம் சொல்கிறது. யார் போய்ப் பார்த்தாலும் விரதமும் ஆரோக்கியமும்தான் இருக்கும்.

செல்வராணி மற்றவர்களை விட ஒரு வருஷம் பின்னால் பட்டம் வாங்கினாள். இப்போது நெடுமங்காட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. நான் ஷஷ்டியை விடவில்லை. முருகன் என்ன செய்தான், பாவம். மாசாமாசம் அன்றைக்குச் சரியாக அவளிடமிருந்து போன் வரும். "இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க, எத்தன மணிக்குச் சாப்பிட்டீங்க?" என்று அந்த டாக்டர் மாதிரியே மிரட்டுவாள். பழமும் பாலும் என்றால் நம்ப மாட்டாள். எப்படி நம்புவாள்?

இத்தனையையும் ஷீபாவிடம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் நோட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"ஷீபா?"

"இங்க உண்டு மேட்ரனம்மா." பிறகு மெதுவாகச் சொன்னாள். "நாளைத் திங்களாழ்ச்சக்கு நோட்டுல நாப்பது பேருக்கு மேல விரதம் எழுதியிருக்கு. எல்லா வாரமும் அப்படியாக்கும். நான் எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டு நடக்குறேன், எங்க பிள்ளைங்களுக்கு நல்ல பக்தின்னு."

கொரோனா போய் எத்தனை காலமாகிறது! எனக்கு வந்தது கோபம்தான், வேறொன்றுமில்லை. அவள் மேல் பாதி, என் மேல் பாதி.

"நாளைக்கு அந்த நாப்பது பேருக்கும் சேர்த்து உலையில அரிசி போடு. நான் காலையிலேயே வரேன். ஒவ்வொரு பிள்ளையா உட்கார வெச்சுக் கேப்போம். நிஜமா விரதம் இருக்கிறவ இருந்துட்டுப் போகட்டும்."

"கட் எழுதின ஆளுக்கு ஸ்டோர்ல அரிசி எடுக்க முடியாதல்லோ. எடுத்தா ரெஜிஸ்டர்ல காரணம் எழுதணும். என்னன்னு எழுதுவேன்?"

"பசின்னு எழுது," என்றேன். "எழுதிட்டு எனக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு."